தாகிலின் விரல்

தாகில் விரல் நீட்டிய இடத்தில் பிறை இருக்கும். இராக்கில், அபுல் கசீப்புக்குத் தெற்கே, ஆற்றை ஒட்டிய அந்த ஊரில் அதைப் பற்றி யாரும் மறுபேச்சு பேசியதில்லை. நோன்பு தொடங்கும் மாலையிலும் முடியும் மாலையிலும் பள்ளிவாசல் மொட்டைமாடியில் ஆண்கள் கூடுவார்கள். எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேற்கே நிற்பார்கள். உண்மையில் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பது தாகிலின் வலது கையை. அது மெல்ல உயரும். விரல் பேரீச்ச மரத் தலைகளுக்கு மேலே ஓரிடத்தில் போய் நிற்கும். "மெல்லிசா இருக்கு, கொம்பு மேலே பார்த்து இருக்கு" என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல முணுமுணுப்பார். பக்கத்தில் நிற்கும் லாஸிம் அவர் தோளில் தாடையை வைத்து, விரலின் நீளத்துக்குப் பார்வையை ஓட்டி, "ஆமா, அதோ" என்பார்.

நேர்மையான இரண்டு பேர் கண்ணால் கண்டு சொன்னால் போதும். ஷேக் முன்திர் இருவரையும் கீழே அழைத்துப்போய்த் தனித்தனியே விசாரிப்பார். சூரியன் இறங்கிய இடத்துக்கு வலமா, இடமா. கொம்பு எந்தப் பக்கம். பதில்கள் ஒத்துப்போகும். ஒலிபெருக்கி கரகரக்கும். மறுநாள் ஊர் நோன்பு வைக்கும், அல்லது விடும்.

இளவயதில் தாகில் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். உயரத்தில் தகரக் கூண்டில் உட்கார்ந்து, ஆற்றின் வளைவில் வரும் கப்பலின் பெயரை மற்றவர்களுக்குக் கப்பல் தெரிவதற்கு முன்பே வாசித்துச் சொல்வார். அந்தக் கண்ணைப் போர் கண்டுபிடித்தது. ஈரானோடு நடந்த எட்டு வருஷப் போரில் அவரை ஒரு மண்மேட்டில் உட்கார வைத்தார்கள். அவர் சுட்டிய இடத்தில் குண்டுகள் விழுந்தன. விழுந்த பிறகு அங்கே என்ன கிடந்தது என்பதையும் அதே கண்தான் பார்த்தது. ஊர் திரும்பிய பின் அதைப் பற்றி அவர் பேசவில்லை. மனைவி ஸபீஹாவிடம் ஒரே ஒரு தடவை, "பிறையைச் சுட்டினா யாரும் சாகறதில்ல" என்று சொன்னார். அவள் அப்போது மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

துறைமுகத்து வேலை நின்ற பிறகு அவருக்கு நிழலும் தேநீரும் மிஞ்சின. லாஸிமின் படகு இயந்திரப் பட்டறை வாசலில் உட்கார்ந்தால் மாலை வரை எழுந்திருக்கமாட்டார். அந்தப் பக்கத்துத் தேநீரில் பாதிக் கோப்பைக்குச் சர்க்கரை கிடக்கும். கலக்காமல் குடிப்பார்கள், கடைசி வாய் பாகாக இறங்கும். சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது மருத்துவர் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். தாகில் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்கினார். பேரீச்சம்பழத்தை அவர் சர்க்கரையாகவே எண்ணவில்லை.

இடது கண் முதலில் போயிற்று. போனது அவருக்கே தெரியவில்லை. ஒருநாள் வலது கண்ணில் தூசி விழுந்து, அதை மூடிக்கொண்டு பார்த்தபோது, முற்றம் எண்ணெய்க் காகிதத்துக்குப் பின்னால் இருப்பது போல இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. வலது கண் இருக்கிறதே என்று இருந்துவிட்டார். சில மாதங்களில் அதிலும் மரங்கள் வளையத் தொடங்கின. தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவளுக்கு மூக்கு இருந்த இடத்தில் சாம்பல் பொட்டு. பஸ்ராவில் பள்ளி ஆசிரியையாக இருந்த மகள் இன்திஸார் ஒரு வெள்ளிக்கிழமை வந்தபோது, அப்பா கொடியில் தொங்கிய கறுப்பு அங்கிக்கு சலாம் சொல்லி, பயணம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தாள்.

கண் மருத்துவர் லமீஆவுக்கு இன்திஸாரின் வயதுதான் இருக்கும். வாசல் தாண்டித் தெருவரைக்கும் ஆட்கள் காத்திருந்ததால் விரைவாகப் பேசினாள். ஆனால் எதையும் விடாமல் சொன்னாள். கண்ணின் பின்சுவருக்குக் காற்று போதவில்லை. அந்தத் தவிப்பில் சுவர் புதிது புதிதாக ரத்தக்குழாய்களை முளைக்க வைக்கிறது. எல்லாம் ஓட்டைக் குழாய்கள். கசிகின்றன, ஒருநாள் வெடிக்கும்.

"பேரீச்சை அடியில பக்கக்கன்னு வருமில்ல ஹஜ்ஜி, அதுமாதிரி வெச்சுக்குங்க. ஊசி மருந்து கன்னை வாட வைக்கும், சீக்கிரமா, ஒரு வாரத்துல. ஆனா அடி அப்படியே இருக்கும். திரும்ப முளைக்கும். லேசர் அடியைப் பொசுக்கும். அது மெதுவாத்தான் பிடிக்கும், பிடிச்சா நிக்கும். அதனால ரெண்டும். ஒண்ணு மட்டும் போட்டா பாதி வேலை."

ஊசி கண்ணுக்குள் போகும் என்றதும் லாஸிம் பட்டறையிலிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, தன் வீட்டுக்காரி பார்த்தாலே கண்ணில் ஊசி இறங்குகிறது, அதற்கு மருத்துவமனை எதற்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாகில் வலது கண்ணில் போட்டுக்கொண்டார். வலி இல்லை. தண்ணீரில் எண்ணெய் சுழல்வது போல மருந்து கண்ணுக்குள் சுருண்டு பரவுவதை அவரே உள்ளே இருந்து பார்த்தார். ஒரு வாரத்தில் மரங்கள் நிமிர்ந்தன. ஸபீஹாவின் புறங்கையில் ரொட்டி மாவு காய்ந்து வெடித்திருந்தது தெரிந்தது. அவள் கையைப் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

லேசர் போட வேண்டிய நாளில் இன்திஸார் அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு மருந்து வாங்கக் கீழே போனாள். அந்த இடைவெளியில் அவர் கேட்டார்.

"லேசர் போட்டா அந்தி வெளிச்சத்துல எப்படித் தெரியும்?"

லமீஆ எழுதுவதை நிறுத்தினாள். "கொஞ்சம் மங்கும். ஓரப் பார்வை சுருங்கலாம். உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன் ஹஜ்ஜி. நடுவைக் காப்பாத்த ஓரத்தைக் கொடுக்கிறோம்."

"திரும்பி வராதா?"

"கொடுத்தது கொடுத்ததுதான்."

அவர் பிறையைப் பற்றிச் சொன்னார். இரண்டு பிறைகள், தொடக்கமும் முடிவும், அதற்குப் பிறகு எரித்துக்கொள்ளலாம் என்றார். பெருநாள் கழித்து மறுநாளே வருகிறேன் என்றார். ஊசியின் பலம் ஒரு மாதம், மிஞ்சினால் இன்னும் சில நாட்கள், பெருநாள் வரைக்கும் அது தாங்குமா என்று தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றாள் அவள்.

"இப்ப நல்லாத் தெரியுதே, டாக்டர்."

"அதான் எனக்குப் பயமா இருக்கு. நல்லாத் தெரியறவங்கதான் திரும்பி வர்றதில்ல."

காரில் இன்திஸார் கேட்டபோது, மருத்துவரே பெருநாளுக்கு அப்புறம் என்று தள்ளிவைத்துவிட்டாள் என்றார். அவள் நம்பினாள். பஸ்ரா மாகாணத்தில் ஒரு மனிதரின் வார்த்தையை நம்பலாம் என்றால் அது தன் தந்தையின் வார்த்தை என்று வளர்ந்தவள். அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய்ச்சாட்சி அது. அவர் அதை அப்படி எண்ணவில்லை.

நோன்பின் முதல் பிறை அவருக்கு இளவயதில் தெரிந்தது போலத் தெரிந்தது. வெள்ளியைச் சீவி வைத்த மாதிரி. அவர் விரல் நீட்டியதும் நாலைந்து வாலிபர்களுக்குக்கூடத் தெரிந்தது. இறங்கும்போது லாஸிம், "கண்ணுல ஊசி போட்டா இப்படித் தெரியுமா? அப்ப எனக்கும் ரெண்டு போடச் சொல்லு" என்றார். தாகில் சிரித்தார். லேசர் இல்லாமலே சரியாகிவிட்டது என்ற எண்ணம் அன்றைக்கு அவருக்குள் உட்கார்ந்தது.

அந்த வருஷம் நோன்பு கோடையில் வந்திருந்தது. தாகிலுக்கு நோன்பு கிடையாது. இன்சுலின் போடுகிறவர், பட்டினி கிடந்தால் மயக்கத்திலேயே போய்விடலாம் என்று விலக்கியிருந்தார்கள். ஒவ்வொரு நோன்புக்கும் ஓர் ஏழைக்கு உணவு கொடுத்தார். மதியம் ஸபீஹா ஜன்னலைச் சாத்திவிட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். கரண்டி தட்டில் படாமல் சாப்பிடப் பழகியிருந்தார். தெருவில் குழந்தைகள்கூட உதடு காய்ந்து திரியும்போது தன் தொண்டையில் தண்ணீர் இறங்கும் ஓசை அவருக்குப் பெரிதாகக் கேட்கும். ஊரோடு தனக்கிருந்த கணக்கை அவர் விரலால் தீர்த்துக்கொண்டிருந்தார். அவர்களைப் போலப் பசித்திருக்க முடியவில்லை. எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்றாவது சொல்லலாம்.

மாதம் தேயத் தேயக் கண்ணில் கொசுக்கள் வந்தன. பிறகு ஒரு கறுப்பு நூல். தலையைத் திருப்பினால் அதுவும் நீந்தித் திரும்பியது. புழுதிக் காற்று அடிக்கும் காலம். புழுதி என்று சொல்லிக்கொண்டார்.

இருபத்தொன்பதாம் நோன்பு மாலை மேற்கு வானம் முழுக்கப் புழுதி. பிறை தெரிந்தால் நாளை பெருநாள், தெரியாவிட்டால் முப்பதாவது நோன்பு. மொட்டைமாடித் தளம் இன்னும் சூடு தணியவில்லை; செருப்பைக் கழற்றிய ஆட்கள் காலை மாற்றி மாற்றி வைத்தார்கள். எல்லோருக்கும் களைப்பு. நாளைக்குப் பெருநாள் ஆகட்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் மாடி முழுக்க அதுதான் நின்றுகொண்டிருந்தது. படிக்கட்டில் குழந்தைகள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

தாகிலுக்கு மரத் தலைகள் ஒரே கறுப்புத் திரளாகத் தெரிந்தன. அதற்கு மேலே செம்பழுப்பு. ஒன்றுமில்லை. அவர் பார்த்தார். யாரோ இருமினார்கள். வெகுநேரம் பார்த்தார். ஷேக் முன்திர் தொண்டையைச் செருமினார். தாகில் மெல்லத் தலையைத் திருப்பினார். அப்போது அது வந்தது. வெள்ளையாக, மெல்லிய வில்லாக, ஓரத்தில், ஒரு நடுக்கத்தோடு. மறைந்தது. கண்ணை அசைத்ததும் திரும்ப வந்தது. அவர் கை தானாக உயர்ந்தது.

"மெல்லிசா இருக்கு. வடக்குப் பக்கமா. கொம்பு மேலே பார்த்து இருக்கு."

லாஸிம் தோளில் தாடையை வைத்தார். எப்போதும் விடுவதைவிட இரண்டு மூச்சு அதிகமாக விட்டார். அவர் தாடி தன் கழுத்தில் உரசியதைத் தாகில் பின்னால் பல தடவை நினைத்துக்கொண்டார்.

"ஆமா, அதோ" என்றார் லாஸிம்.

கீழே கேள்விகள் கேட்கப்பட்டன. பதில்கள் ஒத்துப்போயின. ஒலிபெருக்கி கரகரத்தது. படிக்கட்டிலிருந்த குழந்தைகள் கூச்சலிட்டுக்கொண்டு தெருவில் சிதறினார்கள். ஸபீஹா பேரீச்சம்பழம் வைத்த பெருநாள் பணியாரத் தட்டுகளை ஒவ்வொன்றாக அடுப்புக்குள் தள்ளினாள். மறுநாள் அக்கரையில் இன்னும் நோன்பு என்று செய்தி வந்தது. அதில் புதிது ஒன்றும் இல்லை. அவர்களுக்கு அவர்கள் சாட்சி, இவர்களுக்கு இவர்கள் சாட்சி.

பெருநாள் முடிந்து சில நாட்களுக்குப் பிறகு, மாலைத் தொழுகை நேரத்தில் மின்சாரம் நின்றது. தாகில் அரிக்கேன் விளக்கை எடுக்க உள்ளறைக்குப் போனார். வெயிலுக்காக அடைத்த ஜன்னல்கள் அடைத்தபடியே இருந்தன. கட்டிலுக்கு அடியில் குனிந்து, நிமிர்ந்தார். அலமாரிக் கதவின் மேல் பிறை இருந்தது.

வெள்ளையாக, மெல்லிய வில்லாக, ஓரத்தில். நடுங்கியது. மறைந்தது.

அவர் அசையாமல் நின்றார். பிறகு தலையை மெல்லத் திருப்பினார். வந்தது. இந்தப் பக்கம் திருப்பினார். வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு திருப்பினார். மூடிய கண்ணுக்குள் பிறை எழுந்து நின்றது.

விளக்கு கிடைக்கவில்லையா என்று ஸபீஹா வாசலிலிருந்து கேட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யாரிடமோ வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பது போலத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கண்ணில் கரி கொட்டியது. முதலில் ஒரு கயிறு மேலிருந்து இறங்கியது. பிறகு அடுப்புக் கரியை யாரோ உள்ளங்கையில் நசுக்கித் தூவுவது போல. மதியத்துக்குள் வலது கண்ணில் பகல் என்பதே வெறும் மங்கல் சிவப்பாகிவிட்டது.

இன்திஸார் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து அழைத்துப்போனாள். லமீஆ வெகுநேரம் பார்த்தாள். விரைவாகப் பேசுகிறவள் அன்றைக்கு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். வாடிய குழாய்கள் மறுபடி முளைத்து, ஒன்று வெடித்திருந்தது. உள்ளே ரத்தம் நிறைந்திருப்பதால் வலது கண்ணின் சுவர் தெரியவில்லை. தெரியாத இடத்தில் லேசர் போட முடியாது. உட்கார்ந்தபடி தூங்க வேண்டும், ரத்தம் அடியில் படியும்வரை காத்திருக்க வேண்டும், படியாவிட்டால் அறுவை, அதை அவள் இங்கே செய்ய முடியாது. இடது கண்ணில் மிஞ்சியிருப்பதற்காவது அடுத்த வாரம் ஊசியும் அதற்கடுத்த வாரம் லேசரும் போட்டுவிடலாம் என்றாள்.

தாகில் கேட்டது ஒன்றைத்தான். "டாக்டர், வெளிச்சம் மாதிரி ஒண்ணு வந்துச்சு. ரத்தம் வர்றதுக்கு முன்னாடி."

"கண்ணுக்குள்ள இருக்கிற பாகு சுருங்கிச் சுவரை இழுக்குது. இழுக்கறப்பல்லாம் கண்ணு அதை வெளிச்சம்னு நினைச்சுக்கும். வெளிய ஒண்ணும் இருக்காது."

"எப்படி இருக்கும், அது?"

"வில்லு மாதிரி. ஓரத்துல. இருட்டுற நேரத்துல நல்லாத் தெரியும். ஏன் ஹஜ்ஜி?"

அவர் வலது கையை மடிக்கு இழுத்துக்கொண்டார். லமீஆ இன்திஸாரைப் பார்த்து, அன்றைக்கே லேசர் போட்டிருக்க வேண்டியது, அவர்தான் தள்ளிப்போட்டுவிட்டார் என்றாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை.

பாலம் தாண்டியதும் இன்திஸார் கேட்டாள். "டாக்டர் தள்ளிவெச்சாங்கன்னு சொன்னீங்க, பாபா."

"சொன்னேன்."

சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தியபோது சிப்பாய் குனிந்து எங்கே போய் வருகிறீர்கள் என்றான். "ஆஸ்பத்திரி" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. சிப்பாய் கேள்வியை விட்டுவிட்டுக் கையசைத்து அனுப்பினான்.

வீட்டில் ஸபீஹாவிடம் முழுவதையும் சொன்னார். அலமாரியை, மொட்டைமாடியை, மருத்துவரிடம் கேட்டதை. அவள் கேட்டு முடித்துவிட்டு, இதை வேறு யாரிடமும் சொன்னீர்களா என்றாள். இல்லை என்றார்.

"அப்ப சொல்லாதீங்க. ஊரு தின்ன பணியாரத்தை வயித்துலேர்ந்து திருப்பி எடுக்க முடியுமா? புழுதியில அன்னிக்கு யாருக்குத்தான் என்ன தெரிஞ்சுது? நாளைக்கு இந்தக் கண்ணும் இல்லாம, பேரும் இல்லாம, எந்தத் தெருவுல நடப்பீங்க?"

"அவங்க மேல ஒரு நோன்பு கடனா நிக்குது, உம்மு ஹாதிம். அது அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்." மகன் ஹாதிமின் தாய் என்று அவளை அப்படித்தான் எல்லோரும் அழைப்பார்கள்.

அவள் முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்தாள். சமையலறைக்குப் போனாள். பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். பிறகு வந்து அவர் செருப்பை எடுத்து, கால் தேடும் இடத்தில் வைத்தாள். வாசல் வரை கையைப் பிடித்துக்கொண்டுபோய், தானும் அங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு கூடவே நடந்தாள்.

பள்ளிவாசலின் பக்கத்து அறையில் ஷேக் முன்திர் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்திருந்தார். தாகில் நின்றபடியே சொன்னார். ஷேக் முடிக்க விட்டார். பிறகு, அன்றைக்கு வானத்தில் பிறை இல்லை என்று உறுதியாகத் தெரியுமா என்று கேட்டார்.

"வானத்துல இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது, ஷேக். நான் பார்த்தது என் கண்ணுக்குள்ள இருந்துச்சு."

லாஸிம் பார்த்தாரே, அவர் கண்ணில் நோய் இல்லையே என்றார் ஷேக். ஆள் அனுப்பினார். லாஸிம் இயந்திர எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். வாசலில் ஸபீஹா உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும், "என்ன உம்மு ஹாதிம், கடைசியில இவனை விவாகரத்து பண்றீங்களா?" என்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. உள்ளே தாகிலின் முகத்தைப் பார்த்தார். துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

ஷேக் விஷயத்தைச் சொல்லி, நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார்.



"நான் பார்த்தது இவன் விரலை, ஷேக்."

"அன்னிக்கா?"

"அன்னிக்கும். எனக்குப் பிறை தெரியறதில்ல. கண்ணாடி போட்டுப் பார்த்தேன், தெரியல. இவன் விரல் நின்னா அங்க பிறை இருக்கும். ஒரு தடவையும் தப்பினதில்ல. கொம்பு எந்தப் பக்கம்னு இவன் முணுமுணுப்பான், அதையே உங்ககிட்டச் சொல்வேன். பொய்னு எனக்குத் தோணவேயில்ல."

"எத்தனை வருஷமா?"

"அதைக் கேக்காதீங்க, ஷேக்."

மின்விசிறி ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. ஷேக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அறியாமல் செய்ததற்குக் குற்றமில்லை என்றார். ஒரு நோன்பை மட்டும் ஊர் திருப்பி வைக்க வேண்டும் என்றார். இருவரையும் இனிமேல் சாட்சிக்கு அழைக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் பின் ஷேக் அறிவித்தார். பெயர் எதையும் எடுக்கவில்லை. சாட்சியில் ஐயம் வந்திருக்கிறது என்றார், ஒரு நாளைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். திங்கட்கிழமை ஊரோடு சேர்ந்து வைப்பவர்கள் வைக்கலாம் என்றார். முன்வரிசையில் தாகில் உட்கார்ந்திருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருக்குத் தெரிந்தது. துணிகள் உரசும் சத்தம் வரவில்லை. வெளியே வந்தபோது வழக்கத்தைவிட அதிகம் பேர் அவர் கையைப் பிடித்து நலம் விசாரித்தார்கள். கடைக்காரன் தட்டித் தட்டிப் பார்த்து நல்ல தர்ப்பூசணியாக எடுத்துக் கொடுத்தனுப்பினான். யாராவது ஒருவர் திட்டியிருக்கலாம் என்று அவர் ஸபீஹாவிடம் சொன்னார்.

லாஸிம் அதன் பிறகு வரவில்லை. பட்டறைப் பக்கம் இவரும் போகவில்லை. இயந்திரத்தைத் தட்டும் சத்தம் மட்டும் காலையில் கேட்கும்.

கண்ணுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது. இடது கண்ணில் ஊசியும், அது வேலை செய்யத் தொடங்கியதும் லேசரும். தாடையை ஒரு தாங்கியில் பதித்து, பச்சை ஒளி வெட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக விழ, அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மண்மேட்டில் இருந்தது நினைவுக்கு வந்தது. லமீஆ நன்றாக உட்காருகிறீர்கள் என்றாள். வலது கண்ணின் ரத்தம் மாதக்கணக்கில் படிந்தது, முழுதாகப் படியவில்லை. சுவர் தெரிந்த இடத்திலெல்லாம் அவள் சுட்டாள். ஈரானுக்குப் போ என்றார்கள் சிலர், இந்தியாவுக்குப் போ என்றார்கள் சிலர். பாக்தாதில் ஒருவர் பார்த்துவிட்டு, பாகு சுவரையும் சேர்த்து இழுத்துவிட்டது, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்றார். கடைசியில் ஊசியும் லேசரும் சேர்ந்து இடது கண்ணில் ஒரு சாண் அகல வெளிச்சத்தை நிறுத்திவைத்தன. அதற்குள் நகராமல் உட்கார்ந்தால் ஸபீஹாவின் முகம் இருந்தது. அந்தியில் அதுவும் இல்லை. அவர் இறந்தபோது அந்த வெளிச்சம் அப்படியே இருந்தது. லமீஆ சொன்னது போல, பிடித்தபின் நின்றது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இதெல்லாம் இன்னும் தொடங்கவில்லை. ஊர் நோன்பு வைத்திருந்தது. நோன்புக்காலமில்லாத ஒரு நாளில், தேநீர்க் கடை திறக்காமல், அடுப்புகள் புகையாமல், கொளுத்தும் வெயிலில் ஊர் முழுக்கத் தாகத்தோடு இருந்தது. விடிவதற்கு முன்பே எழுந்து, தானும் வைக்கப்போகிறேன் என்றார் தாகில். ஸபீஹா இன்சுலின் ஊசியைக் காட்டினாள். பார்க்க முடியாது என்பதால் அவர் உள்ளங்கையில் வைத்தாள். பிறகு திரும்ப எடுத்து, அவர் வயிற்றில் போட்டு, ரொட்டியைப் பிட்டுக் கையில் கொடுத்தாள். அவள் நோன்பு.

மதியத் தொழுகைக்குப் பின் கதவு தட்டப்பட்டது. லாஸிம் வந்து கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தார். அவர் உதடு ஒட்டிப் பிரியும் சத்தம் கேட்டது. ஸபீஹா தட்டில் சோறும் ஒரு கோப்பைத் தேநீரும் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஜன்னலைச் சாத்தப் போனாள்.

"சாத்தாதீங்க, உம்மு ஹாதிம்" என்றார் லாஸிம்.

"நீ போயிட்டு அப்புறமா வா" என்றார் தாகில். "நான் சாப்பிடணும்."

"சாப்பிடு."

"உன் முன்னாடியா?"

"வேற யார் முன்னாடி சாப்பிடுவே? நீ பட்டினி கிடந்து செத்துப்போனா, நான் எதைப் பார்த்து 'ஆமா'ன்னு சொல்றது?"

தாகிலின் கை தட்டின் மேல் கோப்பையைத் தேடியது. சோற்றில் பட்டது, தட்டின் விளிம்பில் பட்டது, காற்றில் நின்றது. லாஸிம் எழுந்து வந்து அந்த விரலைப் பிடித்தார். இயந்திர எண்ணெய் வாசனை அடித்தது. விரலைக் கொண்டுபோய்க் கோப்பையின் விளிம்பில் வைத்தார்.

"இங்க இருக்கு" என்றார்.

தாகில் எடுத்துக் குடித்தார். அதில் சர்க்கரை இல்லை. வாய்க்குள் கசப்பு பரவியது. தன் தொண்டையில் அது இறங்கும் ஓசை அவருக்குக் கேட்டது, லாஸிமுக்கும் கேட்டிருக்கும். திறந்த ஜன்னலுக்கு வெளியே தெருவில் ஒரு காலடிகூட இல்லை. அவர் கோப்பையை முழுவதும் குடித்து முடித்தார்.